குளக்கரையில் நிற்கும் ஆட்டோ: தேரூர், புத்தளம், மணக்குடி பறவைக் காலைகள் குறித்து ஓராண்டு மதிப்பீடு

சுசீந்திரம் குளத்தை ஒட்டிய சாலையில் அரசுப் பேருந்து ஒலிப்பானை அலறவிட்டுக்கொண்டு போகும்போது தலையைக்கூடத் திருப்பாத நீலச்சிறகி வாத்துகள், அதே சாலையில் நாம் வண்டியை விட்டு இறங்கிக் கதவைச் சாத்திய கணத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக நடுக்குளத்தை நோக்கி நீந்தத் தொடங்கிவிடும். குமரி மாவட்டத்துக் குளங்களில் பறவைகளைப் படமெடுக்க முயன்ற எல்லாருக்கும் இந்த ஏமாற்றம் பழகியிருக்கும். சாலையும் வயலும் வீடும் நெருங்கிக் கிடக்கும் இந்த ஊர்களில் பறவைகள் வண்டிகளுக்குப் பழகிவிட்டன. நிமிர்ந்து நடந்துவரும் மனித உருவம்தான் அவற்றைக் கலைக்கிறது.

ஆகவே வண்டிக்குள்ளேயே இருந்து படமெடுக்க வேண்டும் என்பது தெரிந்த செய்தி. எந்த வண்டியில், யார் ஓட்ட, எந்த மாதத்தில் என்பனவற்றில்தான் பணமும் காலையும் வீணாகின்றன. கடந்த அக்டோபரில் தொடங்கி இந்தச் செப்டம்பர் வரை 11 காலைகள் நான் ஒரே ஆட்டோவை அமர்த்திக்கொண்டு தேரூர், சுசீந்திரம், புத்தளம் உப்பளம், ஆறு கடலில் கலக்கும் மணக்குடிப் பொழி ஆகிய இடங்களுக்குச் சென்று வந்தேன். அந்த ஆட்டோவையும் அதை ஓட்டுபவரையும் பற்றியதே இந்த மதிப்பீடு.

நாகர்கோவிலில் ஓர் ஆட்டோ நிறுத்தத்தில் வண்டி போட்டிருக்கும் அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். பறவை வழிகாட்டி என்று தம்மை எங்கும் சொல்லிக்கொள்வதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி ஆசிரியரை வாரந்தோறும் தேரூருக்கு அழைத்துப்போய், அவர் தொலைநோக்கியால் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து காத்திருந்து, தமக்கும் அந்தப் பொறுமை ஒட்டிக்கொண்டது என்கிறார். பெயரையும் எண்ணையும் எங்கும் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் நான் எழுதவில்லை. கூட்டம் வந்தால் வருமானம் வருமே என்று கேட்டதற்கு, "கூட்டம் வந்தா பறவ வராது அண்ணாச்சி" என்று முடித்துவிட்டார்.

காலை 5.30 மணிக்கு வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு 9.30 மணிக்குத் திரும்பக் கொண்டுவிடுவதற்கு, காத்திருப்பும் சேர்த்து, என்னிடம் 900 ரூபாய் வாங்கினார். மணக்குடிவரை போனால் கூடுதலாக 150 ரூபாய். இதற்கு முன் இரண்டு ஏற்பாடுகளை முயன்றிருந்தேன். ஒன்று வாடகைக் கார்: இதைவிட இருமடங்குக்கு மேல் செலவானது, கண்ணாடியை இறக்கிக்கொண்டு படமெடுக்க உட்கார்ந்தால் குளிரூட்டி வீணாகிறது என்று ஓட்டுநர் முணுமுணுத்தார், இருக்கையோ கரையிலிருந்து பறவையின் முதுகைத்தான் காட்டியது. மற்றொன்று எட்டுப் பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போன ஒருநாள் பறவைச் சுற்றுலா. எட்டுப் பேரும் ஒரே கதவு வழியாக இறங்கினார்கள் என்பதைச் சொன்னால் போதும். அன்று நாங்கள் கண்ட பறவைகளில் பெரும்பாலானவை பறந்துபோய்க்கொண்டிருந்தவை.

ஆட்டோவின் சிறப்பு முதலாவதாக அதன் உயரத்தில் இருக்கிறது. பின்னிருக்கையில் சற்றுச் சரிந்து அமர்ந்தால், லென்ஸின் முனை கரையோரப் புல்லின் நுனிக்குச் சற்று மேலே, நீர்ப்பறவையின் கண்ணுக்கு ஏறத்தாழ நேராக வந்துவிடுகிறது. பறவைப் படத்தில் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்துவது கண் என்பதால், மேலிருந்து எடுத்த படத்துக்கும் கண்மட்டத்தில் எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாடு, புகைப்படக் கலை அறியாதவருக்கும் உடனே தெரியும். அடுத்தது, இடப்பக்கம் முழுதும் திறந்திருப்பது. கண்ணாடியோ தூணோ குறுக்கே வருவதில்லை. வலப்பக்கத்தில் பயணி இறங்காதபடி கம்பி இருப்பதால் அந்தப் பக்கம் பயன்படாது. இதை எனக்கு முன்பே யோசித்து வைத்திருந்தவர் ஓட்டுநர்தான். சாலையின் இடப்புறமாகவே செல்ல வேண்டிய வண்டி குளத்தை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு வர வேண்டுமானால், முதலில் குளத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். அப்படித் திரும்பும்போது காலை வெயில் நம் முதுகுக்குப் பின்னால் விழுமாறு எந்தக் கரையைத் தேர்வது என்பதையும் அவர் மாதத்துக்கு மாதம் மாற்றிக்கொள்கிறார்.

இன்ஜின் விஷயத்தில் அவருடைய கைப்பழக்கம் தனியாகச் சொல்லத் தக்கது. 600 மி.மீ. லென்ஸில் ஓடும் இன்ஜினின் அதிர்வு, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தாலும், இறகின் விளிம்பைக் குழப்பிவிடும். நின்ற பிறகு இன்ஜினை அணைத்தாலோ, சட்டென்று வரும் அமைதியே பறவையைத் துணுக்குறச் செய்கிறது. இவர் குறித்த இடத்துக்கு ஐம்பது அறுபது அடி முன்பே இன்ஜினை அணைத்துவிடுகிறார். வண்டி மிச்ச வேகத்தில் உருண்டு வந்து, பிரேக் கிறீச்சிடாமல், தானாக நிற்கிறது. பதினொரு காலைகளில் ஒருமுறைகூட அவர் இதில் தவறவில்லை.

லென்ஸைத் தாங்குவதற்கு நான் பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்த ஒரு பையில் இரண்டு கிலோ அரிசியை நிரப்பிக் கொண்டுபோயிருந்தேன். அதை முழங்கால்மேல் வைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, இரண்டாம் முறை வந்தபோது, பக்கவாட்டில் குறுக்கே மாட்டிக்கொள்ளத் தோதாக ஒரு தேக்குக் கட்டையை இரு முனையிலும் சைக்கிள் டியூப் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பையைத் தொட்டுப் பார்த்தவர், "அரிசி நனைஞ்சா புளிச்சுப் போவும், புளியங்கொட்டை போடுங்க" என்றார். புளியங்கொட்டை அரிசியைவிட நன்றாக உருண்டு லென்ஸின் வடிவத்துக்கு இடங்கொடுக்கிறது. நனைந்தாலும் துடைத்துக் காயவைத்தால் போதும். கடைகளில் விற்கும் தாங்கு பைகளை எண்ணிப்பார்த்து, அவற்றுக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை வேறு செலவுக்கு ஒதுக்கிவிட்டேன்.

இனிப் பருவங்கள். ஒரே ஆட்டோ, ஒரே குளம், ஒரே பறவை என்றாலும் ஜனவரியில் கிடைக்கும் படம் அக்டோபரில் கிடைக்காது என்பதை ஓராண்டு போய் வந்த பிறகுதான் நான் முழுதாக உணர்ந்தேன். எனவே எந்த மாதத்தில் இந்தச் சேவைக்குப் பணம் கொடுப்பது தகும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் கும்பப்பூ எனப்படும் இரண்டாம் போக நெல் நடவுக்காக வயல்களில் தொளி அடிக்கிறார்கள், அதாவது சேற்றை உழுது கலக்குகிறார்கள். டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகளும் சின்னக் கொக்குகளும் மடையான்களும் ஊர்வலம் போவதுபோல் நடக்கும். நத்தைகுத்தி நாரைகள் சற்றுத் தள்ளி நின்று சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவும். அந்த நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். அதன் வாயில் நத்தையுடன் ஒரு படம் எடுப்பதற்கு வயல் வரப்போரம் நிற்கும் ஆட்டோவைவிட நல்ல இடம் இல்லை. வடக்கிலிருந்து வாத்துகளும் இதற்குள் வரத் தொடங்கியிருக்கும். ஆனால் அக்டோபரில் நீலச்சிறகியின் ஆணும் பெண்ணும் ஒரே மங்கிய பழுப்பில் இருக்கும். அப்போது எடுத்த நூறு படங்களையும் நான் பிற்பாடு அழித்துவிட்டேன்.

நவம்பரில் ஒரு காலைதான் போனேன். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. அந்தக் காலை இரண்டாவது மழையின் பங்காக அமைந்தது.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களே இந்தப் பயணத்தின் உச்சம். ஜனவரியில் சூரியன் 6.40 மணியளவில்தான் எழுவதால், 5.30 மணிக்குக் கிளம்பினால் தேரூருக்கு இருட்டிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். நாம் வந்ததைப் பறவை காணாமல், விடியும்போது ஏற்கெனவே அங்கே நிற்கும் ஒரு மஞ்சள் பொருளாக ஆட்டோ ஆகிவிடுகிறது. ஓட்டுநர் பிளாஸ்கில் கட்டன் சாயாவும் தாளில் சுற்றிய மட்டிப்பழமும் கொண்டுவருவார். கட்டணத்தில் அது சேர்த்தி இல்லை. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊரான தேரூரின் கரையில், பனிமூட்டம் நீர்மேல் ஒரு முழ உயரத்துக்கு மிதந்துகொண்டிருந்த ஒரு காலையில், வண்டிக்கு நேரே தாமரை இலைகளுக்கிடையில் ஏழு நீலச்சிறகிகள் அலகை முதுகிறகில் செருகிக்கொண்டு உறங்கின. முதல் வெளிச்சம் பட்டதும் ஓர் ஆண் தலையைத் தூக்கியது. கண்ணுக்கு மேலிருந்து பிடரிவரை வளைந்து இறங்கும் அந்த வெள்ளைப் பட்டை, அக்டோபரில் இல்லாதது, சுண்ணாம்பைத் தொட்டு ஒரே இழுப்பில் வரைந்ததுபோல் இருந்தது. தலையை உதறியபோது தெறித்த துளிகள்கூடப் படத்தில் தனித்தனியே விழுந்திருக்கின்றன. அன்று அவை எங்களிடமிருந்து பதினைந்து அடிக்குள் இருந்தன. முக்கால் மணி நேரம் கழித்து நாங்கள் கிளம்பியபோதும் அங்கேயே இருந்தன. என் கணக்கில் அந்தக் காலைக்கு மட்டும் ஆண்டு முழுதும் கொடுத்த பணம் தகும்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காகவும் ஒருநாள் சென்றேன். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தைக் கவனித்து, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பதிய வேண்டும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, பாம்புத்தாரா, ஊசிவால் வாத்து என நான் சொல்லச் சொல்ல, ஓட்டுநர் பத்துக்கு ஒருமுறை விரலை மடக்கிக் கணக்கு வைத்துக்கொண்டார். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும், நாகர்கோவிலுக்கு மேற்கேயுள்ள வேம்பனூர் ஈரநிலமும் 2022-ஆம் ஆண்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன என்பதை அவரே எனக்கு முன்பு சொல்லியிருந்தார். நம் குளத்துக்கு உலகப் பட்டியலில் இடம் கிடைத்தது பற்றி அவருக்குப் பெருமை உண்டு. கரையில் குப்பை கொட்டுபவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் குரல் உயரும்.

பிப்ரவரி, மார்ச்சில் மழை நன்கு ஓய்ந்த பிறகு புத்தளம் உப்பளத்துக்குப் போக வேண்டும். ஆழமற்ற உப்புநீரில் நெடுங்கால் உள்ளான்கள் இளஞ்சிவப்புக் கால்களைத் தூக்கித் தூக்கி நடக்க, அவற்றின் நிழலும் பிம்பமும் அசையாத நீரில் விழுவது அந்த இடத்துக்கே உரிய காட்சி. பூநாரைகள் இறங்கும் ஆண்டுகளும் உண்டு. நான் போன நாள்களில் அவை தொலைவில் ஒரு வெள்ளைக் கோடாக மட்டுமே தெரிந்தன. இங்கே ஆட்டோவின் எல்லை வந்துவிடுகிறது. பாத்திகளுக்கிடையிலான வரப்புகள் வண்டியைத் தாங்கா. ஒருமுறை முன்சக்கரம் அரையடி புதைந்து, உப்பு வாரும் தொழிலாளர்கள் மூவர் வந்து தூக்கிவிட்டார்கள். மேலும் எட்டரை மணிக்குப் பிறகு வெண்ணிற உப்பிலிருந்து எழும் கானல், எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸையும் பயனற்றதாக்கிவிடும். உப்பளத்துக்கு முதலில் போய்விட்டுக் குளத்துக்கு இரண்டாவதாகப் போவதே சரியான வரிசை என்பதை நான் இரண்டு காலைகளை இழந்துதான் கற்றேன். ஓட்டுநர் முன்னரே சொல்லியிருக்கலாம். கேட்டால், நான் கேட்கவில்லையே என்றார்.

பழையாறு கடலில் கலக்கும் மணக்குடியில், 2004 ஆழிப்பேரலை பழைய பாலத்தை அடித்துச் சென்ற இடத்தில் இப்போதுள்ள பாலத்தின்மேல் வண்டியை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அலையாத்திச் செடிகள் தெரியும்படி கரையில் நிறுத்தினால் செம்பருந்தும் மீன்கொத்திகளும் ஏமாற்றா. மணல்திட்டில் கூடும் ஆலாப் பறவைகளுக்கு மட்டும் இறங்கி நடந்தே தீர வேண்டும். கூடுதல் 150 ரூபாய்க்கு இது சுமாரான பேரம்.

ஏப்ரல், மே மாதங்களைப் பலரும் பறவை இல்லாக் காலம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வலசை வந்தவை திரும்பிப் போகும் முன்பும், இங்கேயே வாழ்பவை இனப்பெருக்கத்துக்காகவும் உடைமாற்றிக்கொள்ளும் காலம் அது: குளிர்காலம் முழுதும் வெளிறியிருந்த மீசை ஆலாவின் தலையில் கருந்தொப்பி முழுமையாகி வயிறும் கருத்துவிடும், உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் மஞ்சளில் தோய்ந்ததுபோல் ஆகும், மடையானின் முதுகு அரக்குச் சிவப்பாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜனவரியில் வாலின்றிப் பழுப்பாகத் திரிந்த நீளவால் இலைக்கோழிக்கு அப்போதுதான் உடல் கருஞ்சாக்லேட் நிறமாகி, பிடரி பொன்னிறமாகி, அரிவாள்போல் வளைந்த நீண்ட வால் முளைத்திருக்கும். மே மாதக் காலையொன்றில் ஒரு பறவை இலைக்கு இலை தாவி ஆட்டோவை நோக்கியே வந்தது. நான் லென்ஸைத் திருப்பப் போனபோது ஓட்டுநர் பின்னால் திரும்பாமலே, "அனங்காதீங்க அண்ணாச்சி, அதுவா வரும்" என்று முணுமுணுத்தார். வந்தது. அதன் நீண்ட விரல்கள் ஊன்றிய இலையின் ஓரம் மெல்ல அமிழ, நீர் இலைமேல் ஏறி அதன் காலடியில் முத்தாகத் திரண்டது. பறவை அந்த முத்துக்குள் இருந்த எதையோ கொத்தித் தின்றுவிட்டு அடுத்த இலைக்குப் போயிற்று. லென்ஸ் குவியும் தொலைவுக்கும் உள்ளே வந்துவிட்டதால் படம் எடுக்க முடியவில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தச் சேவையை அமர்த்த வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி வீசும் காற்று திறந்த ஆட்டோவைத் தொட்டில்போல் ஆட்டும், பறவைகளும் குறைவு. காற்றாலைகளுக்கு உகந்தது கேமராவுக்கு உகந்ததன்று. பேச்சிப்பாறை, காளிகேசம் பக்கத்துக் காட்டுப் பறவைகளுக்கு ஆட்டோ எந்த மாதத்திலும் பயன்படாது. அது நடந்து பார்க்க வேண்டிய இடம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மழை பெய்த அந்த நவம்பர்க் காலையில், இடப்பக்கத் திரைச்சீலையை இறக்கினால் படமெடுக்க முடியவில்லை, ஏற்றினால் சாரல் நேராக லென்ஸில் அடித்தது. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். அவர் பாதிக் கட்டணமே வாங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய கைப்பேசி எந்நேரமும் உரத்த ஒலியில் இருக்கிறது. ஒரு கூட்டுறவுச் சங்க அழைப்பு ஒரு பாம்புத்தாராவை எனக்கு இழக்கச் செய்தது. பறவைகளின் பெயர்களில் பெரியவற்றை அவர் நன்கறிவார். ஆனால் சேற்றில் ஓடும் சிறியவை எல்லாமே அவருக்கு உள்ளான்தான். அவற்றைப் பிரித்தறிய விரும்புபவர் கையேட்டை உடன் கொண்டுசெல்ல வேண்டும். இருக்கையில் பெரிய லென்ஸோடு ஒருவருக்குத்தான் இடம். நண்பரை அழைத்துச் சென்றால் அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. ஒன்றை மட்டும் நான் பொறுக்கவில்லை. இரண்டாம் பயணத்தில், கரையோரம் நெருங்கி ஓய்ந்திருந்த சீழ்க்கைச்சிறகிக் கூட்டத்தை நான் படமெடுத்து முடித்ததும், அவர் திடீரென்று இரு கைகளையும் ஓங்கித் தட்டினார். இருநூறுக்கு மேற்பட்ட பறவைகள் சீழ்க்கையடித்தபடி எழுந்து குளத்தைச் சுற்றின. பறக்கும் படம் கேட்டு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவர்கள் உண்டு என்பதால் எனக்கும் அந்த உபகாரத்தைச் செய்திருக்கிறார். இரவெல்லாம் இரை தேடிவிட்டுப் பகலில் ஓய்வெடுக்கும் பறவை அது என்றும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துவந்த மற்ற வாத்துகளும் அவற்றோடு சேர்ந்து எழுந்து வீணாகச் சுற்றுகின்றன என்றும் நான் சொன்னபோது சிறிதுநேரம் பேசாமல் இருந்தார். அதன்பின் என்னுடன் வந்த ஒன்பது காலைகளிலும் அவர் கைதட்டவில்லை. வேறு பயணிகள் கேட்டால் என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரியாது. கைதட்டச் சொல்லி நூறு ரூபாய் கொடுக்கும் வாடிக்கையாளர்களைத்தான் நான் முதலில் குறைசொல்வேன். அவர்களில் ஒருவராக இருப்பின், தயவுசெய்து இந்த ஆட்டோவைத் தேட வேண்டாம். கூட்டுக்கு அருகே நிறுத்தச் சொல்பவர்களுக்கும் இதுவே என் வேண்டுகோள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்பவர்களுக்கு: டிசம்பர் இறுதி முதல் மார்ச் பாதிவரை நான்கரை, ஏப்ரல், மே மாதங்களில் நான்கு, அக்டோபரில் மூன்றரை, மற்ற மாதங்களில் மதிப்பெண் கொடுக்கும் அளவுக்குப் பறவையே கிடைக்காது. சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்களும், சுசீந்திரம் சாலையில் லாரிகளுக்கிடையே காரை ஓரங்கட்ட ஒருமுறை முயன்ற பிறகு, இதை யோசித்துப் பார்க்கலாம். வெண்கொக்குகளை மட்டும் எடுக்க வருபவர்கள் முதல் வெயிலிலேயே ஒளியளவைச் சற்றுக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது. இல்லையேல் அந்த வெயில் வெள்ளை இறகுகளைப் படத்தில் வெறும் சுண்ணாம்புச் சுவராக்கிவிடும்.

வரும் ஜனவரிக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். முன்பணம் வாங்க மறுத்துவிட்டு, புளியங்கொட்டைப் பையைத் தம் வண்டியின் இருக்கைக்கு அடியிலேயே போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். போன வாரம் ஏறிப் பார்த்தேன், எலி ஒரு மூலையைக் கடித்திருந்தது.